ஆடு ஓடும், கரடி வரும்

சனிக்கிழமை காலை கிழக்கு லண்டன் குட்மேய்ஸிலிருந்து சிவநேசன் அண்ணையின் மகள் தொலைபேசியில் அழைத்தாள். "அன்ரி, அப்பா போயிட்டார்."

அவரை அறிந்தவர்களுக்கு முதலில் நினைவு வருவது அந்த முகம்தான். இடது கன்னமும் கண்ணும் இல்லை. போரில் பட்ட காயம் என்றே பலர் நினைத்தார்கள். அவர் திருத்துவார்: "ஆமியுமில்லை, இயக்கப் பெடியளுமில்லை. வன்னிக் கரடி." இலங்கையில் நில அளவையாளராக இருந்தபோது, காட்டுக்கோழி சுடக் கொண்டுபோன துவக்கால் எதிரே வந்த கரடியைச் சுட்டிருக்கிறார். சிறு குண்டுகள் அதன் தோலைத் தாண்டவில்லை. அது அவர் முகத்தைக் கடித்து உரித்தது. "பிழை கரடியில இல்லை, நான் கொண்டுபோன துவக்கில" என்பார்.

எண்பதுகளில் மத்திய லண்டனில் ஒரு துப்பாக்கிக் கடையில் அவர் விற்பனையாளர். நான் மேல்மாடியில் கணக்காளர். மலையாட்டுக்கு இலேசான, வேகமான சன்னம், அதாவது துப்பாக்கிக் குண்டு, வேண்டும் என்பார். வெகுதூரம் நேராகப் போகும். கரடிக்குக் கனத்த, தடித்த சன்னம். தோள் எலும்பை உடைத்து உள்ளே இறங்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே துப்பாக்கி கேட்கும் பணக்காரர்களிடம் அவர் இரக்கம் காட்டியதில்லை. கொல்வதற்கு இத்தனை யோசனையா என்று எனக்கு எரிச்சல் வரும்.

பிறகு என் கணவரே இரண்டுக்குமாக ஒரு துப்பாக்கி கேட்டார். மலேசியர், பொறியாளர். அலுவலக நண்பர்களுடன் கிழக்கு ஐரோப்பிய மலைகளுக்கு வேட்டைக்குப் போகத் துடித்தார். தோர்ண்டன் ஹீத்தில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பேச்சு நடந்தது.

"ஒரே துவக்கெண்டால் கரடிக்குப் பாத்து எடும், தம்பி. ஆடு ஓடும், கரடி வரும்."

"அவ்வளவு கனத்தைத் தூக்கிட்டு மலை ஏறினா முதுகு வலிக்கும், அண்ணே."

"முதுகு மிஞ்சினாத்தானே நோகும்."

கணவர் சிரித்தார். வேறு கடையில் இலேசானதையே வாங்கினார்.

அந்த மலையில் அவர் சுட்டுக் கரடியின் தோளில் பட்ட சன்னம் எலும்பில் சிதறிவிட்டது. அது பாய்ந்து வந்து, முன்னால் நின்ற வழிகாட்டியின் தலையைக் கவ்வியது. மண்டை உடைந்த சத்தத்தைக் கணவர் கேட்டார். அடுத்து அது கணவரின் தொடையைக் கிழித்தது. மற்றவர்கள் அதைச் சுட்டு வீழ்த்தும்போது வழிகாட்டி இறந்திருந்தார்.

லண்டன் மருத்துவமனையில் கணவர் சாப்பிட மறுத்தார், கண்ணை மூடவும் பயந்தார். சிவநேசன் அண்ணை வந்தார். கணவரைத் திட்டட்டும் என்றுதான் நான் இருந்தேன்.

"நீங்க சொன்னதை எடுத்திருந்தா அந்த ஆள் பிழைச்சிருப்பாரா, அண்ணே?"

"எவ்வளவு கிட்ட நிண்டது?"

"இந்தச் சுவர் தூரம்."

"அப்ப ஒரு சன்னமும் நிப்பாட்டியிராது. கனத்ததெண்டாலும் வந்துதானிருக்கும்."

கணவர் வெகுநேரம் அழுதார். பிறகு கஞ்சி கேட்டார்.

நடைபாதையில் நான் கேட்டேன்: "உண்மையோ, அண்ணை?"

"இல்லை, தங்கச்சி. கனத்தது அதை விழுத்தியிருக்கும். ஆனா அதைச் சொன்னால் அந்தக் கரடி இவரை இன்னும் தின்னும்."

கணவர் சென்ற ஆண்டு மாரடைப்பில் காலமானார். மருத்துவமனையில் அண்ணை சொன்னதைக் கடைசிவரை நம்பினார். இனி நான் மறைக்கத் தேவையில்லை. வழிகாட்டியின் மனைவி இதைக் கேட்டால் என்ன சொல்வாளோ, தெரியாது. வேட்டையை இன்றும் வெறுக்கிறேன். எந்த வாடிக்கையாளருக்காகவும் தன் கணிப்பை மாற்றாத மனிதர், எங்களுக்காக ஒருமுறை பொய் சொன்னார். அவரிடமிருந்து நான் வைத்திருப்பது அந்தப் பொய்தான்.