முன்வரிசைக்காரரின் திட்டுகள்

மாட்ச் பார்க்கலாம் என்ற ஆசையில்தான் அந்த வேலைக்குப் போனேன். வார நாட்களில் ஒரு களஞ்சியத்தில் பெட்டி அடுக்குவது என் தொழில். சனிக்கிழமைகளில் கால்பந்து மைதானத்தில் ஸ்டூவர்ட் வேலை இருக்கிறது, மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு சனத்தைக் கவனித்தால் போதும் என்று கூட வேலை செய்பவர் ஒருவர் சொன்னார். லண்டனுக்கு வந்த காலத்திலிருந்து நான் ஆதரிக்கும் கழகத்தின் மைதானம் அது. டிக்கெட் வாங்கிப் போக எனக்குக் கட்டுப்படியாகாது. சம்பளமும் தந்து மாட்சும் காட்டுகிறார்கள் என்று நினைத்து உடனே பெயர் கொடுத்தேன்.

பயிற்சி நாளில்தான் விஷயம் தெரிந்தது. ஸ்டூவர்ட்டின் முகம் சனத்தின் பக்கம் இருக்க வேண்டும், முதுகு மைதானத்தின் பக்கம். திரும்பிப் பார்த்தால் கமராவில் கண்டுபிடித்து வோக்கி டோக்கியில் கூப்பிடுவார்கள். எழுந்து போய்விடலாம் என்று இருந்தது. ஆனால் எல்லாரும் இருக்கும்போது எழுந்து கதவைத் திறந்துகொண்டு போவது எனக்கு வராது. இருந்துவிட்டேன்.

முதல் சில மாதங்கள் முகங்களை வைத்து மாட்ச் பார்க்கப் பழகினேன். அது லேசில்லை. கோல் போடப் போகும்போதும் கோல் வாங்கப் போகும்போதும் ஆட்கள் ஒரே மாதிரித்தான் எழும்புகிறார்கள், ஒரே மாதிரித்தான் வாயைத் திறக்கிறார்கள். அதற்குப் பிறகுதான் முகம் வேறாகும். ஒருநாள் பொறுமையில்லாமல் எங்கள் கோல் என்று நினைத்துச் சிரித்துவிட்டேன். அடித்தது எதிரணி. வயதான வெள்ளைக்கார அம்மா ஒருவர் மாட்ச் முடியும்வரை என்னை முறைத்தபடி இருந்தார். அடுத்த வாரம் வேறு இடத்தில் நிற்க விடும்படி கேட்டேன்.

அங்கேதான் அவரைக் கண்டேன். முன்வரிசையில் ஓரத்து இருக்கை. என் வயதுதான் இருக்கும், ஐம்பதைத் தாண்டியவர். கம்பளித் தொப்பி, கையில் தேநீர்ப் போத்தல். பார்த்தவுடனே எங்கள் ஆள் என்று தெரிந்தது. ஒரு வணக்கம் சொல்லலாமா என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவர் போனை எடுத்து வீட்டுக்குக் கதைக்கத் தொடங்கினார்.

“ஓம், வந்திட்டன். இந்தமுறை நல்ல இடம்தான், ஆனா முன்னாலை ஒரு வங்காளி நிக்கிறான். தூணை நட்டு மஞ்சள் சட்டை போட்டு விட்ட மாதிரி. அரைவாசிப் பக்கம் தெரியேல்லை.”

அதற்குப் பிறகு எப்படி வணக்கம் சொல்வது. தமிழ் தெரியாத ஆளைப் போல முகத்தை வைத்துக்கொண்டு ஒரு பக்கமாக நகர்ந்து நின்றேன். இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று அந்த சீசன் முழுக்கப் போய்விட்டது. நாள் போகப் போகச் சொல்வது இன்னும் கடினமாகியது. ஏனென்றால் இடைவேளைகளில் அவர் வீட்டுக்குப் பேசுவதெல்லாம் என் காதில் விழுந்தது. அவருடைய சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, எத்தனையில் நிற்கிறது, மச்சானோடு எதற்குப் பேச்சில்லை, கிங்ஸ்பரியில் அவர் வைத்திருக்கும் கடையில் எந்த விநியோகக்காரர் ஏமாற்றுகிறார், எல்லாம் எனக்குத் தெரியும்.

ஆனால் மாட்ச் தொடங்கிவிட்டால் அவரைப் போல ஒரு ஆள் கிடைக்க மாட்டார். சுற்றியிருந்தவர்களுக்கு விளங்காது என்ற துணிவில் தமிழில் உரக்கத் திட்டுவார். திட்டில் ஒன்றும் தப்பாது. யாரிடம் பந்து இருக்கிறது, யாருக்குக் கொடுத்திருக்க வேண்டும், எந்தப் பக்கத்தால் எதிரணி வருகிறது, யார் பார்த்துக்கொண்டு நிற்கிறான் என்று எல்லாம் வரும். முகங்களை வைத்து நான் பட்ட பாடு தேவையில்லாமல் போனது. அவர் வாயாலேயே முழு மாட்சும் எனக்குத் தெரிந்தது.

இரண்டாவது சீசனில் கழகம் காசை அள்ளிக் கொட்டியது. கோல் அடிப்பதற்கென்று பெரும் விலை கொடுத்து ஒன்பதாம் இலக்கக்காரர் ஒருவரைக் கொண்டுவந்தார்கள். அவருக்கு முழங்காலில் ஏற்கெனவே பழுது. இடது பக்கம் மறித்து விளையாட மூன்று பேரை வாங்கினார்கள். நடுவில் நின்று பந்தைப் பிடிக்க ஒருவரும் இல்லை. மனேஜரை இரண்டு தடவை மாற்றினார்கள். தோல்விக்கு மேல் தோல்வி. அதோடு, அடுத்த சீசனுக்கு டிக்கெட் விலை கூடும் என்று எல்லாருக்கும் கடிதமும் போட்டார்கள்.

“கத்தரிக்காய் வாங்கேக்கையே புழு இருக்கோ எண்டு பிரட்டிப் பாக்கிறம். உவங்கள் முழங்காலைப் பாக்காமல் ஆளை வாங்கியிருக்கிறாங்கள். கடையிலை மூண்டு விதம் மிளகாய்த்தூள் அடுக்கி வைச்சிட்டு, அரிசி இல்லையெண்டு சொல்லுற மாதிரிக் கிடக்கு.”

முன்வரிசைக்காரர் இதைச் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருமுவதுபோல வாயைப் பொத்திக்கொண்டேன். நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். களஞ்சியத்தில் கூட வேலை செய்பவர்கள் திங்கட்கிழமை தோறும் கழகத்தை வைத்து என்னைக் கிண்டல் செய்வார்கள். நான் பெட்டியை அடுக்கிக்கொண்டே இருப்பேன். சனிக்கிழமை அவர் எனக்குமாகச் சேர்த்துத் திட்டுவது போல இருக்கும். அடுத்த வருடம் வரமாட்டன் என்று ஒவ்வொரு கிழமையும் சொல்வார். அடுத்த மாட்சில் முதல் ஆளாக வந்து உட்கார்ந்திருப்பார்.

மாசி மாதம் என்று நினைக்கிறேன். நல்ல குளிர். அரை மணித்தியாலத்துக்குள் இரண்டு கோல் வாங்கிவிட்டோம். அவர் எழுந்து நின்று, கழக முதலாளி இருக்கும் கண்ணாடி அறையை நோக்கிக் கையை நீட்டி, உவன்ரை தோலை உரிச்சு உப்புத் தடவவேணும் என்று கத்தினார். பல தடவை கத்தினார்.

இடைவேளையில் சூப்பர்வைசர் என்னிடம் வந்தார். கண்டிப்பான பெண், ஆனால் நியாயமானவர். பின்வரிசையிலிருந்து யாரோ முறைப்பாடு அனுப்பியிருக்கிறார்கள், அந்த மனிதர் விளங்காத மொழியில் யாரையோ மிரட்டுகிறார் என்று. சீசன் டிக்கெட்டில் இருந்த பெயர் என் பெயரைப் போலவே நீளமாக இருந்ததால் நேரே என்னிடம் வந்திருக்கிறார். அவர் என்ன சொல்கிறார், மிரட்டுகிறாரா என்று கேட்டார். மிரட்டல் என்றால் இன்றைக்கே வெளியே அனுப்பி, டிக்கெட்டையும் பறிப்பார்களாம்.

 நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரை. ஆங்கிலம் வேலைக்குப் போதும், அவ்வளவுதான். தோலை உரிப்பது என்பதை உள்ளபடி ஆங்கிலத்தில் சொன்னால் அந்த மனிதரின் கதை முடிந்தது. எங்கள் அம்மா அதை என்னிடம் நாளுக்கு இரண்டு முறை சொல்லியிருக்கிறார் என்று விளக்க எனக்கு ஆங்கிலம் போதாது. சூப்பர்வைசர் காத்துக்கொண்டு நின்றார்.

மிரட்டவில்லை என்றேன். கழகம் இடது பக்கத்துக்கு மூன்று பேரை வாங்கிவிட்டு நடுவுக்கு ஆளில்லாமல் நிற்கிறது, அதைத்தான் சொல்கிறார் என்றேன்.

 அதில் தவறு ஒன்றும் இல்லையே என்றார் சூப்பர்வைசர். தன் தாளில் இரண்டு வரி எழுதி என்னிடம் கையொப்பம் வாங்கினார். நான் சொன்னது உண்மைதான், அந்த மனிதர் அதையும் சொல்லியிருந்தார். ஆனால் கேட்ட கேள்விக்கு அது முழுப் பதில் இல்லை என்று எனக்குத் தெரியும். 

அதோடு விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். போகும்போது, சத்தத்தைக் குறைக்கும்படி உங்கள் மொழியிலேயே அவருக்குச் சொல்லுங்கள், இன்னொரு முறைப்பாடு வந்தால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது என்றார்.

முன்வரிசைக்காரர் தேநீரைப் போத்தல் மூடியில் ஊற்றிக்கொண்டிருந்தார். முன்னால் போய் நின்றேன்.

“அண்ணை, கொஞ்சம் மெதுவாக் கதைக்கட்டாம்.”

தேநீர் மூடி வாய்க்குப் போகும் வழியில் நின்றது.

“நீங்கள் தமிழோ?”

“ஓம்.”

“எவ்வளவு நாளா இதிலை நிக்கிறியள்?”

“போன சீசனிலை இருந்து.”

அவர் என்னையே பார்த்தார். சீனி வருத்தம், மச்சான், விநியோகக்காரர் என்று ஒவ்வொன்றாக அவருக்கு ஞாபகம் வருவது முகத்தில் தெரிந்தது.

“அப்ப அந்தத் தூண்?”

“அதுவும் கேட்டது அண்ணை.”

முறைப்பாட்டைப் பற்றியும் டிக்கெட்டைப் பற்றியும் சொன்னேன். தலையை ஆட்டினார். அதற்குப் பிறகு அவர் என் பக்கம் பார்க்கவில்லை.

இரண்டாம் பாதி முழுக்க வாய் திறக்கவில்லை. தொப்பியைக் காதுக்குக் கீழே இழுத்துவிட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு இருந்தார். என் முதுகுக்குப் பின்னால் சத்தம் எழுந்தது, அடங்கியது. முகங்களை வைத்துப் பார்க்கலாம் என்றால் எனக்கு அந்தப் பழக்கம் விட்டுப் போயிருந்தது. மூன்றுக்கு ஒன்று என்று தோற்றது வீட்டுக்கு வந்துதான் தெரியும். இனி அவர் வரமாட்டார் என்று மனைவியிடம் சொன்னேன். யார் என்று கேட்டார். யாரென்று சொல்ல என்னிடம் ஒரு பெயர்கூட இல்லை.

அடுத்த சொந்த மைதான மாட்சில் அவருடைய இருக்கை வெறுமையாக இருந்தது. தொடங்கிப் பத்து நிமிடம் போனது. அவருடைய திட்டை அவரிடமிருந்தே பறித்துவிட்டேன் என்று தோன்றியது. சொல்லாமலே இருந்திருக்கலாம். ஆனால் சொல்லாமல் இருந்திருந்தால் அடுத்த முறைப்பாட்டோடு டிக்கெட் போயிருக்கும்.

கால்மணி நேரம் கழித்து அவர் படியிறங்கி வந்தார். கடையில் சாமான் இறக்கி முடிய நேரமாகிவிட்டது என்று பொதுவாகச் சொன்னார். என்னிடம்தான் சொன்னாரா தெரியவில்லை. உட்கார்ந்து மூச்சு வாங்கினார்.

“எத்தனைக்கு எத்தனை அண்ணை?” என்று கேட்டார்.

“தெரியாது.”

“உங்களுக்குப் பின்னாலைதானே நடக்குது?”

“எங்களுக்குத் திரும்பிப் பாக்கேலாது. பாத்தால் கூப்பிட்டு ஏசுவினம்.”

“அப்ப ஒண்டரை வருசமா ஒரு மாட்சும் பாக்கேல்லையோ?”

“நீங்கள் திட்டுறதைக் கேட்டுத்தான் எனக்கு எல்லாம் தெரியும். போனமுறை ரெண்டாம் பாதி ஒண்டும் தெரியேல்லை.”

அந்த மைதானத்தில் நான் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியது அதுதான் முதல் தடவை.  அவர் இருக்கையின் நுனிக்கு வந்து, முன்னாலிருந்த கம்பியில் முழங்கைகளை ஊன்றி, எனக்கு மட்டும் கேட்கும் குரலில் தொடங்கினார்.

“கோர்னர். எங்கடை ஆக்களுக்குத்தான். ஒன்பதாம் இலக்க ஐயா வாறார். அவசரமில்லை, நடந்துதான் வாறார்.” கழுத்தை நீட்டிப் பார்த்தார். “பந்து வந்தது. ஐயா குனிஞ்சு வழி விட்டுட்டார்.”

கம்பியைப் பிடித்திருந்த விரல்கள் இறுகின. வாய்வரை வந்த திட்டை விழுங்கினார். 

“கேக்குதோ அண்ணை?” என்றார்.

“கேக்குது” என்றேன்.

“அப்ப சரி. இப்ப எதிர்ப்பக்கத்து ஆள் பந்தோடை ஓடி வாறார். எங்கடை பெரியவர்கள் எல்லாரும் நிண்டு பாத்துக்கொண்டிருக்கினம்.”