கண் திறக்குமட்டும்

அரசாங்கக் கச்சேரியில் தலைமைக் கிளாக்கராக இருந்து இளைப்பாறி, உபகாரச் சம்பளத்தோடு வீட்டுக்கு வந்தபின் எனக்குக் கிடைத்த முதல் உத்தியோகம், ஒரு பூனைக்குட்டி சிறுநீர் கழிப்பதற்கு அனுமதி வழங்குவது. அந்தப் பதவிக்கு நான் விண்ணப்பிக்கவில்லை. நியமனம் தெருவில் வைத்து நடந்தது.

எங்கள் வீட்டுக்கு எதிரே ஒரு கோப்பிக் கிடங்கு. அந்த நாளில் கண்டியில் யாருடைய வீட்டுக்கு எதிரேதான் கோப்பிக் கிடங்கு இல்லை? வத்தேகமப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து மூட்டைகள் வந்து இறங்கும். கலகெதரப் பக்கத்துக் கிராமங்களில் நாட்டுக் கோப்பி வாங்கி வர வெறுஞ் சாக்குகள் கட்டுக்கட்டாக வண்டியேறும். கோயிலுக்குப் போனாலும் கோப்பிப் பேச்சு, செத்த வீட்டுக்குப் போனாலும் கோப்பிப் பேச்சு. ஊரில் கோப்பியைப் பற்றி அபிப்பிராயம் எதுவும் சொல்லாத பிராணி, அந்தக் கிடங்கில் எலி பிடித்துக்கொண்டிருந்த சாம்பல் நிறப் பூனை ஒன்றுதான். ஆகவே அதன்மேல் எனக்குத் தனி மரியாதை இருந்தது.

அது வெறுஞ் சாக்குக் குவியலில் குட்டி போட்டது. பிறகு பூனைகளுக்கே உரிய இடமாற்ற ஆசை வந்து, குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்விக் கொண்டுபோய், வாசலில் நின்ற வண்டியில் கிடந்த சாக்குக் கட்டுக்குள் வைத்தது. ஒரே ஒரு குட்டி மிச்சம் இருக்கும்போது, தாய் கட்டுக்குள் இருக்கும்போதே, வண்டி புறப்பட்டுவிட்டது. குரங்குக் குட்டியானால் தாயைத் தானே பற்றிக்கொண்டு போயிருக்கும். பூனைக்குட்டி, தாய் வந்து கவ்வும்வரை காத்திருக்கும் சாதி. காத்திருந்தது. வரிசையில் கடைசியாக நிற்பவரின் முறை வருமுன் யன்னல் சாத்தப்படுவதைக் கச்சேரியில் நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் உள்பக்கத்தில் நின்று.

கிடங்கு முதலாளி திகனையைச் சேர்ந்த முஸ்லிம். என்னைவிட இளையவர், என்னைவிட வாய் நீளமானவர். தெருவுக்குக் கேட்கக் கூப்பிட்டார்.

“கிளாக்கர் ஐயா, இங்க வந்து பாருங்க. உம்மா கலகெதரைக்குப் போய்ட்டா. புள்ள இங்க ஈக்குது.”

அவர் உள்ளங்கையில் இருந்தது எலியா பூனையா என்று முதல் பார்வையில் தீர்மானிக்க முடியவில்லை. கண் இறுக மூடியிருந்தது. காது தலையோடு ஒட்டியிருந்தது. உடம்பில் பாதி வாய், அந்த வாயில் பாதி சத்தம்.

“வண்டி திரும்பி வருமட்டும் வைச்சிருக்கலாமே?” என்றேன்.

“அதுக்குள்ள மௌத்தாகிடும் ஐயா. இல்லாட்டி பெருச்சாளி தின்னுடும். நீங்க கொண்டு போங்க. பென்சன்காரருக்கு வேற என்ன வேல ஈக்குது? பெருத்தா எனக்குத் தாங்க, எலி புடிக்க.”

வண்டி திரும்பியது, பூனை இல்லாமல். கட்டை அவிழ்த்தவுடன் தாய் குட்டிகளைத் தூக்கிக்கொண்டு கோப்பிச் செடிகளுக்குள் போய் மறைந்துவிட்டதாம். குட்டி முறைப்படி அநாதையானது.

வீட்டில் இதற்குள் விசாரணை முடிந்து கட்டளையும் பிறந்திருந்தது. பிள்ளைகள் எல்லாரும் கலியாணமாகிப் போனபின் என் மனைவிக்கு ஒரு மலைமைனாதான் துணை. விறாந்தையில் கூடு தொங்கும். வாசலில் யார் காலடி கேட்டாலும் அது என் குரலில் “ஆரது?” என்று அதட்டும். என் குரலில் எனக்கே இல்லாத அதிகாரம் அதில் இருந்தது.

“உதென்ன கையிலை?” என்றாள் மனைவி.

“பூனைக்குட்டி.”

“அது தெரியுது. ஏன் கொண்டு வந்தனீங்கள் எண்டு கேக்கிறன். மைனா இருக்கிற வீட்டிலை பூனையோ?”

“தாய் இல்லை. வெளியிலை விட்டால் பெருச்சாளிக்குத்தான் சாப்பாடு.”

அவள் குட்டியைப் பார்த்தாள். மைனாவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தபோதுதான் முகம் இறுகியது.

“கண் திறக்குமட்டும் இருக்கட்டும். கண் தெரியாத பூனை என்ரை குஞ்சை ஒண்டும் செய்யாது. கண் திறந்தவுடனை முதலாளியின்ரை கிடங்குக்குப் போயிட வேணும். சொல்லிப்போட்டன்.”

கண் திறந்த கையோடு கிடங்குக்குப் போனால் அதே பெருச்சாளிதான். குட்டிக்குக் கிடைத்தது விடுதலை அல்ல, தவணை. ஆனாலும் தவணை கிடைத்தால் மறுக்காமல் வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது நான் பிறருக்குச் சொல்லிக்கொடுத்த பாடம். வாங்கிக்கொண்டேன்.

அதன்பின் அந்த விஷயமாக அவள் என்னோடு நேரே பேசவில்லை. மைனாவோடு பேசினாள்.

நான் பசும்பாலைக் கரண்டியால் ஊற்றப் பார்த்தபோது கூட்டைப் பார்த்துச் சொன்னாள்: “கேட்டியே குஞ்சு, பசுப்பால் குடுத்தால் அதுக்கு வயிறு கழண்டு போம். ஆட்டுப்பாலிலை திரியைத் தோய்ச்சுச் சூப்பக் குடுக்கிறதுதான் முறை. படிச்ச ஆக்களுக்கு உது எங்கை தெரியும்?”

நான் ஆட்டுப்பாலும் விளக்குத் திரியும் தேடினேன். குட்டி திரியைச் சூப்பி, முன்னங்கால்களால் என் விரலைப் பிசைந்து, குடித்துத் தீர்த்தது. ஆனால் வயிறு கல்லுப்போல ஆகிவிட்டது. மறுபடியும் கூட்டுக்கு அறிவித்தல் போனது: “தாய் நக்கிவிட்டால்தான் அதுக்குப் போகும். ஈரத்துணியாலை வாலுக்குக் கீழை துடைச்சுவிட ஆக்கள் இல்லை, பாவம்.”

இப்படித்தான் நான் முன்னே சொன்ன உத்தியோகத்தில் அமர்ந்தேன். நான் துணியால் தொட்டு அனுமதிக்கும்வரை அந்தக் குட்டி ஒரு சொட்டையும் வெளியே விடாது. அனுமதித்தவுடன் தாமதமின்றிக் காரியம் முடியும். என் உத்தியோக காலம் முழுவதும் இவ்வளவு ஒழுங்கான கீழ் அலுவலர் எனக்கு வாய்த்ததில்லை.

அடுத்தது சூடு. கண்டிக் காலைக் குளிரில் இவ்வளவு சிறிய உடம்பு தாங்காது. வெந்நீர் நிரப்பித் துணி சுற்றிக் கூடையில் வைக்க ஒரு போத்தல் வேண்டும். எங்கள் வீடு சைவ வீடு, போத்தல் கிடையாது. ஊரில் வெறும் போத்தல் தாராளமாகக் கிடைக்கும் இடம் ஒன்றே. தவறணைக்குப் போனேன். சாராயப் போத்தலைச் சால்வைக்குள் மறைத்துக்கொண்டு திரும்பும்போது முதலாளி பார்த்துவிட்டார்.

“அல்லா! கிளாக்கர் ஐயா! பென்சன் எடுத்தா இப்பிடியா?”

“பூனைக்கு,” என்றேன்.

“சரி, சரி. பூனைக்குத்தானே எல்லாரும் வாங்குறாங்க,” என்றார். அந்த வாரம் தெருவில் என் சுகத்தை விசாரித்தவர்கள் எல்லாரும் என் பூனையின் சுகத்தையும் ஒரு மாதிரிச் சிரிப்போடு விசாரித்தார்கள்.

இதற்கிடையில் மைனா சும்மா இருக்கவில்லை. குட்டியின் பசிக்குரலைக் கற்றுக்கொண்டது. மத்தியானம் சாப்பிட்டு நான் கதிரையில் சாய்வேன். “மியீ” என்று ஈனக்குரல் கேட்கும். ஓடிப்போய்ப் பாலைச் சூடாக்கி, திரியை நனைத்துக் கொண்டு வந்தால், குட்டி போத்தலை அணைத்தபடி நித்திரை. எழுப்பி ஊட்டுவேன். தேவாரம் பாடத் தொடங்குவேன். “மியீ.” மறுபடியும் பால். குட்டியின் வயிறு தேசிக்காய் போலப் புடைத்தபிறகுதான் சந்தேகம் வந்தது. கூட்டுக்கு முன்னே வந்து நின்றேன். மைனா தலையைச் சாய்த்து என்னைப் பார்த்து, சாவதானமாக, “மியீ” என்றது. உள்ளே அடுப்படியில் மனைவி சிரித்த சிரிப்பில் ஒரு பாத்திரம் கீழே விழுந்தது.

மைனாவின் பொய்க்கு ஏமாந்தது நான் மட்டும் அல்ல. குட்டியும் அதைத் தாய் என்று நம்பியது. கண் தெரியாமல், வயிற்றால் ஊர்ந்து, கூட்டுக்கு நேர்கீழே வந்து படுத்துக்கொள்ளும். மைனா மேலேயிருந்து “மியீ” என்னும். இது கீழேயிருந்து “மியீ” என்னும்.

மனைவி விடிந்ததும் முதல் வேலையாகக் கூடையை எட்டிப் பார்த்து, “கண் திறந்திட்டுதோ?” என்று கேட்பாள். யாரிடம் என்று சொல்லமாட்டாள். நான் “இன்னும் இல்லை” என்பேன். இந்தக் கேள்வியையும் மைனா பாடமாக்கிக்கொண்டது. ஆக, தினமும் இரண்டு முறை எனக்குத் தவணை முடிவு நினைவூட்டப்பட்டது.

ஒரு காலை குட்டியின் இடது கண் திறந்திருந்தது. நீலமாக, ஒன்றையும் பாராமல், ஆனால் சந்தேகமின்றித் திறந்திருந்தது. வலது கண் மூடியபடியே இருந்தது.

“திறந்திட்டுது,” என்றாள் மனைவி. இந்த முறை நேரே என்னிடம்.

“திறக்கேல்லை,” என்றேன் நான்.

“உது பின்னை என்ன?”

“நீர் சொன்னது ‘கண் திறக்குமட்டும்’ எண்டு. ‘ஒரு கண்’ எண்டு சொல்லேல்லை. கண் எண்டது பால்பகா அஃறிணைப் பெயர். ஒருமையோ பன்மையோ எண்டு அந்தச் சொல்லிலை தெரியாது. ‘திறந்தது’ எண்டு வந்தால் ஒண்டு, ‘திறந்தன’ எண்டு வந்தால் இரண்டு. நீர் அப்பிடி ஒண்டும் சொல்லாமல் ‘திறக்குமட்டும்’ எண்டு விட்டிட்டீர். ஐயம் வந்தால் எளியவன் பக்கந்தான் தீர்ப்பு.”

“விசர்க்கதை கதையாதையுங்கோ. மைனாவைப் பாக்க ஒரு கண் காணும்.”

“மேன்முறையீடு செய்யலாம்,” என்றேன்.

அவள் மேன்முறையீடு செய்யவில்லை. பாலிலே வளர்ந்த குட்டியைப் பால்பகாப் பெயர் காப்பாற்றியது என்று நான் அன்று முழுவதும் எனக்குள் சிரித்துக்கொண்டேன்.

மறுநாள் சிரிப்பு நின்றது. வலது கண்ணின் இமை வீங்கி, ஓரத்தில் மஞ்சளாகச் சீழ் கட்டியிருந்தது. குட்டி திரியை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. மைனா “மியீ” என்றபோது பதில் சொல்லவில்லை. உடம்பு போத்தலைவிடச் சுட்டது.

என் வாதத்தின் விலை அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அந்தக் கண் திறந்தால் குட்டி வீட்டைவிட்டுப் போக வேண்டும். திறக்காவிட்டால் வீட்டில் இருக்கலாம், குருடாக. அல்லது அதுவும் இல்லாமல். வக்கீலுக்கு வெற்றி, கட்சிக்காரனுக்குச் சாவு. இப்படிப்பட்ட வழக்குகளை நான் கண்டதுண்டு. என் சொந்தச் செலவில் கண்டதில்லை.

தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டு, பழைய வேட்டியில் ஒரு துண்டு கிழித்து, இமையைத் துடைத்தேன். குட்டி கத்தியது.

“குஞ்சு, ஒத்தியெடுக்க வேணும் எண்டு சொல்லு,” என்றாள் மனைவி. “தேய்க்கப்படாது எண்டு சொல்லு.” பிறகு மைனாவின் தயவு போதாது என்று தோன்றியிருக்க வேண்டும். வந்து என் கையிலிருந்த துணியைப் பறித்தாள். “தள்ளுங்கோ. உங்கடை கை பேனை பிடிச்ச கை.”

மடியில் வைத்து, ஒத்தி, பொறுத்து, மறுபடியும் ஒத்தினாள். சீழ் இளகி வந்தது. அடுத்த வேளையும் அவள்தான் செய்தாள், அதற்கடுத்த வேளையும். பால் திரியும் அவள் கைக்கு மாறியது. என்னிடம் வெந்நீர்ப் பிரிவு மட்டும் மிஞ்சியது. யாரும் எனக்கு அறிவிக்காமலே பதவியிறக்கம் நடந்து முடிந்துவிட்டது. “இந்தக் கண் திறந்தால்தான் நான் உதைத் துரத்தலாம்,” என்று மைனாவுக்குக் காரணம் சொன்னாள். மைனா நம்பியதா என்று தெரியாது.

வீக்கம் வடிந்தது. குட்டி மறுபடியும் விரலைப் பிசைந்து குடித்தது. ஒருநாள் காலை, அவள் மடியிலேயே, வலது இமை பிரிந்தது. இரண்டு கண்ணாலும் முதன்முதலாக அது பார்த்தது அவள் முகத்தை. அடுத்ததாக, தாயின் குரல் வரும் திசையை. தத்தித் தத்திக் கூட்டுக்குக் கீழே போய் நிமிர்ந்து பார்த்தது. மனைவி விளக்குமாற்றைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

மைனா கீழே பார்த்தது. “ஆரது?” என்று என் குரலில் அதட்டியது.

குட்டி தரையோடு தரையாகப் பதுங்கியது. அந்த வீட்டில் என் குரலுக்கு அடங்கிய முதல் உயிர் அதுதான். விளக்குமாறு மெல்ல மூலைக்குத் திரும்பியது.

ஆனாலும் கட்டளை கட்டளை. நான் எழுப்பிய ஐயம் தீர்ந்துவிட்டது. இனிச் சொல்ல எனக்கு இலக்கணம் இல்லை. கச்சேரிக் கோட்டைப் போட்டு, தலைப்பாகை வைத்து, குட்டியைக் கூடையோடு தூக்கினேன். போத்தலையும் கூடவே வைத்தேன். கிடங்கில் யார் வெந்நீர் நிரப்பப் போகிறார்கள் என்று நினைத்து, அதில் கழுத்துவரை நானே நிரப்பியிருந்தேன். முதலாளி தெருவுக்கு அப்பால் வாசலில் நின்று கையை நீட்டினார்.

“தாங்க ஐயா, தாங்க. என்ட எலியெல்லாம் பாத்துட்டு ஈக்குது.”

படலையைத் திறந்தேன். பின்னால் கூட்டிலிருந்து “மியீ” என்றது மைனா. கூடைக்குள்ளிருந்து “மியீ” என்று பதில் போனது. மனைவி அகப்பையோடு வெளியே வந்தாள்.

“இஞ்சேருங்கோ. கோட்டும் சூட்டுமாய் எங்கை வெளிக்கிட்டாச்சு?”

“கட்டளையை நிறைவேற்றப் போறன்.”

“என்ன கட்டளை?”

“கண் திறக்குமட்டும் எண்டு நீர்தானே சொன்னனீர். இரண்டும் திறந்திட்டுது.”

“ஓம், கண் திறக்குமட்டும் எண்டுதான் சொன்னனான். ஆரின்ரை கண் எண்டு சொன்னனானோ?”

நான் கூடையை மற்றக் கைக்கு மாற்றினேன்.

“நான் சொன்னது உங்கடை கண்ணை. அது இந்தச் சென்மத்திலை திறவாது. கூடையை உள்ளுக்கை வையுங்கோ, தண்ணி ஆறப்போகுது.” பிறகு படலைக்கு மேலால் எட்டி, “முதலாளி, உங்கடை எலியை நீங்களே பிடியுங்கோ!” என்றாள்.

எழுவாயை விட்டுவிட்டுக் கட்டளை பிறப்பிக்கக்கூடாது என்று எத்தனை இளம் கிளாக்கர்மாருக்குச் சொல்லியிருப்பேன். எழுவாய்க்கு உடையவர் யார் என்பதை விட்டாலும் அதே கதிதான் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

இப்போது கோப்பி இலைகளில் மஞ்சள் நோய் விழுந்து, எதிர்க் கிடங்கில் பாதி காலியாகிவிட்டது. எலிகளும் வேறு வேலை தேடிப் போய்விட்டன. பூனை கொழுத்துப்போய்க் கூட்டுக்கு நேர்கீழே படுத்துக் கிடக்கிறது. மைனா அதட்டினால் எழுந்து இடம் மாறிப் படுக்கும்; நான் அதட்டினால் கண்ணைக்கூடத் திறக்காது. மைனா மட்டும் பழைய வழக்கத்தை விடவில்லை. விடிந்ததும் மனைவியின் குரலில், “கண் திறந்திட்டுதோ?” என்று கேட்கிறது.

நான் சவரம் செய்துகொண்டிருந்தாலும் நிறுத்திவிட்டு, “இன்னும் இல்லை” என்று பதில் சொல்லிவிடுகிறேன். ஒருநாள் தவறினாலும் பூனையின் குடியிருப்பு உரிமை கேள்விக்குள்ளாகும்.