பனி தவறிய வருடம்

வளைகுடாவில், அல் குசைஸில் எங்கள் கம்பெனி வேன் ஓட்டிய கரீம் பாய், பாகிஸ்தானின் வடக்கு மலைப்பக்கத்துக்காரர். குளிர்காலம் முழுக்க, வேனைக் கிளப்பும் முன் ஊருக்குப் போன் போட்டு, "பர்ஃப் கித்னா?" என்பார். பனி எவ்வளவு என்று அர்த்தம்.

மதுரைக்காரனான எனக்குப் பனி என்றால் மார்கழியில் தலையில் இறங்கி ஜலதோஷம் பிடிக்க வைப்பது. அதனால், "இந்த வருஷம் பனியே இல்ல" என்று அவர் சொன்ன ஜனவரியில், "நல்லதுதானே பாய், வீட்ல குளிரில்லாம இருப்பாங்க" என்று சிரித்துக்கொண்டே டீ வாங்கிக் கொடுத்தேன்.

அவர் டீயைத் தொடவில்லை.

"மலையில கிடக்கிற பனிதான் பாய் எங்க தண்ணித் தொட்டி. அது கோடையில உருகினாத்தான் ஆறு ஓடும், ஏரி நிறையும். மாஃபி பர்ஃப், மாஃபி மீன்; பனி இல்லேன்னா மீனும் இல்ல. என் தம்பி அந்த ஏரியில மீன்பிடிக்க வர்றவங்களுக்குப் படகு ஓட்டுறான். இந்தக் கோடையில அவன்கூடப் போய்ச் சேரலாம்னு இருந்தேன்" என்று இந்தியில் சொன்னார். பிறகு விசாவைப் புதுப்பித்துக்கொண்டார்.

அதன்பின் தினமும் அவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, "பர்ஃப் கித்னா?" என்று நானே கேட்கப் பழகினேன்.

இரண்டு வருடம் கழித்து ஒரு காலையில் லட்டு நீட்டினார். "இடுப்பளவு பனி பாய். கலாஸ், இங்க வேலை முடிஞ்சது, ஊருக்குப் போறேன்."

"மப்ரூக்" என்று வாழ்த்தினேன். இந்த வருடமும் பனி தவறியிருக்கக் கூடாதா என்று மனசு நினைத்தது.

இப்போதும் போனில் பனியை விசாரித்துத்தான் பேச்சை ஆரம்பிக்கிறேன். அந்த நினைப்பை மட்டும் அவரிடம் சொன்னதில்லை.