மிதிக்க மறுத்த கால்

ஈரானின் தப்ரீஸ் நகரக் கடைவீதியில் பழைய கம்பளங்களைத் தைத்துச் சீராக்கும் கைவினை ஆசான் உஸ்தா நொஸ்ரத், கிழிசலைக் கண்டால் சும்மா இருக்கமாட்டார். தான் தைத்த இடத்தை யாராவது கண்டுபிடித்துவிட்டால் அன்று அவருக்குச் சாப்பாடு இறங்காது. முப்பது வருஷமாக ஹாஜி பெஹ்ரூஸின் கம்பளக் கடை வாசலில்தான் உட்கார்ந்து தைக்கிறார்.

புதுக் கம்பளத்தை வீதியில் விரித்து, ஊரார் கால்பட வைத்துப் பழங்கம்பளமாக்குவது அங்கே வழக்கம்; பழசுக்குத்தான் விலை அதிகம். ஹாஜியும் ஒன்றை மூன்று மாதம் மிதிபட வைத்திருந்தார். அவர் வெளியூர் போன நான்கு நாளில் நொஸ்ரத் அதைத் தேய்ந்த இடமெல்லாம் முடிச்சுப் போட்டுப் புதிதாக்கிவிட்டார்.

"ஐயோ உஸ்தா! நாளைக்கு வாங்குறவன் வர்றான்யா!"

"தெரியும் ஹாஜி. கைதான் கேக்கல."

"அப்ப காலால சரிபண்ணு. அவன் வர்றதுக்குள்ள பழசாகலேன்னா வேற வாசல் பாத்துக்க!"

மறுநாள் விடிந்ததிலிருந்து நொஸ்ரத் அதன்மேல் நடந்தார், செருப்பைக் கையில் பிடித்தபடி, நுனிக்காலில்.

"செருப்பப் போட்டு மிதிய்யா!"

"மனசு வரமாட்டேங்குது ஹாஜி."

அந்த நேரம் பார்த்து வாங்குகிறவர் வந்து நின்றார். கடைவீதியில் ஒரு கிழவர் செருப்பைக் கழற்றிவிட்டு நடப்பதைக் கண்டு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அவ்வளவு பழசா?"

"ஏழு தலைமுறை," என்றார் ஹாஜி, கண் இமைக்காமல்.

கம்பளம் நல்ல விலைக்குப் போனது; வாசல் நொஸ்ரத்துக்கே நிலைத்தது. ஆனால் வெளியூர்க்காரர் யார் வந்தாலும், "உஸ்தா, எந்திரிச்சு நட" என்று ஹாஜி கண் காட்டிவிடுகிறார்.