கழுவித் துடைத்த மூன்று புட்டிகள்

என் அம்மா குன்வோருக்கு எங்கள் தீவின் மீன் ஆலையில் கழுவும் வேலை. மீன் வெட்டுகிறவர்கள் பிற்பகல் கிளம்பியதும் அம்மாவும் இன்னும் மூன்று பேரும் உள்ளே போவார்கள். முதலில் சோப்பு நுரை, அடுத்து வெந்நீர், கடைசியில் மூக்கை எரிக்கும் மருந்துத் தண்ணீர். மறுநாள் காலையில் பரிசோதனைக்காரர் மேசைகளைப் பஞ்சுக் குச்சியால் தடவி எடுத்துக்கொண்டு போவார். இருபத்தாறு வருடங்களில் அம்மா கழுவிய மேசையிலிருந்து ஒரு கிருமிகூட முளைத்ததில்லை. தீவில் எல்லோருக்கும் இது தெரியும்.

என் அண்ணன் ஹல்வார்ட் அந்தப் பஞ்சுக் குச்சியில்தான் தொடங்கினான். பதினைந்து வயதில் ஒரு கோடை விடுமுறையில் ஆலையின் சிறிய ஆய்வறையில் வேலை கிடைத்தது. ஒரு நாள் கிருமி வளர்க்கும் ஐந்து பெட்ரி தட்டுகளை வீட்டுக்குக் கொண்டுவந்தான். கதவுக் கைப்பிடி, அப்பாவின் தாடி, நாயின் மூக்கு, என் கட்டைவிரல், அம்மாவின் உள்ளங்கை என்று தட்டுக்கு ஒன்றாகத் தொட்டு எடுத்தான். மூன்றாம் நாள் நான்கு தட்டுகளில் மஞ்சளும் வெள்ளையுமாகப் புள்ளிகள் பூத்திருந்தன. அப்பாவின் தாடிதான் முதலிடம். அம்மாவின் தட்டில் ஒன்றுமே இல்லை.

"நீ சோப்பு போட்டுட்டு வந்து கைய வச்சிருக்கம்மா. இது ஏமாத்து."

"ஏமாத்தெல்லாம் இல்லடா. என் கைக்குப் பயந்து எதுவும் உசுரோட நிக்காது."

அதன்பிறகு அது எங்கள் வீட்டு வேடிக்கையாகிவிட்டது. அண்ணன் பல்கலைக்கழகம் போனான், நுண்ணுயிரியல் படித்தான், அதிலேயே முதுகலைக்கும் சேர்ந்தான். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் அம்மா கேட்பாள்: "என்னடா, எத்தனை வளத்த இந்த மாசம்?" அவன் ஒரு எண்ணைச் சொல்வான். "நான் அதைவிட ஜாஸ்தி கொன்னுட்டேன்" என்று அம்மா உருளைக்கிழங்கை அவன் தட்டில் போடுவாள்.

முதுகலையில் அவன் எடுத்துக்கொண்ட விஷயம் எங்கள் படகுத்துறைக்கு அடியிலிருக்கும் சேற்றில் வாழும் ஒரு பாக்டீரியா. அதற்குப் பெயர்கூடக் கிடையாது, ஒரு எண் மட்டும்தான். குளிர் இருந்தால்தான் வளரும். அறையின் வெப்பத்தில் செத்துவிடும். சாதாரணக் கிருமிகள் ஓர் இரவில் பெருகிவிடும், இது ஐந்து வாரம் எடுத்துக்கொள்ளும். மற்றவர்கள் தங்கள் கிருமிகளை உறைபெட்டியில் பல வருடம் தூங்க வைப்பார்கள், தேவைப்படும்போது எழுப்புவார்கள். இது உறைந்தால் திரும்ப எழுவதில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுத் தண்ணீருக்கு மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். சேற்றிலிருந்து அதை மட்டும் தனியாகப் பிரித்தெடுக்க அவனுக்கு இரண்டு வருடம் ஆனது. அப்படித் தனியாக அது வளர்ந்தது உலகத்திலேயே அவனுடைய புட்டிகளில் மட்டும்தான்.

"கல்யாணம் பண்ணிக்கிட்ட மாதிரிதான் இது" என்றார் அப்பா. "பொண்டாட்டியாவது வாயத் திறந்து பேசுவா."

"பேசாதது நல்லதுதானப்பா" என்றான் அண்ணன். அம்மா இருவரையும் முறைத்தாள்.

ஒருமுறை ஒரு புட்டியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து எனக்குக் காட்டினான். தண்ணீரில் லேசான புகை போல ஏதோ இருந்தது.

"தெளிவா இருந்தா செத்துப்போச்சுன்னு அர்த்தம், யோருன். கலங்கலா இருந்தா உசுரோட இருக்கு. அவ்வளவுதான் கணக்கு. இதுக்குத்தான் ஆறு வருஷம் படிச்சேன்."

அப்போது எனக்குப் பதினேழு வயது. சிரித்தேன். அந்த வாக்கியத்தை மறந்தும்விட்டேன்.

போன வருடம் மார்ச் மாதம், நண்பர்களோடு பனிச்சறுக்கு போன இடத்தில் பனிச்சரிவு இடிந்து விழுந்தது. மற்ற இருவரையும் உயிரோடு தோண்டி எடுத்தார்கள். ஹல்வார்டுக்கு இருபத்தைந்து வயது.

அடக்கம் முடிந்த பிறகு அப்பா கடலுக்குப் போய்விட்டார். அம்மா கழுவ ஆரம்பித்தாள். அவன் அறையின் தரை, சுவர், ஜன்னல் எல்லாவற்றையும் கழுவினாள். அவன் காலணிகளின் அடிப்பாகத்தைப் பழைய பல்துலக்கியால் தேய்த்தாள். ஈஸ்டருக்கு முந்தைய சனிக்கிழமை, உருளைக்கிழங்கு வைக்கும் நிலவறையில், ஆட்டு ரோமக் காலுறைகளுக்குள் சுருட்டி வைத்திருந்த மூன்று கண்ணாடிப் புட்டிகளைக் கண்டெடுத்தாள். பிப்ரவரி விடுமுறைக்கு வந்தபோது அவன் வைத்துவிட்டுப் போனவை. நீல மூடி. உள்ளே கலங்கிய தண்ணீர்.

"பாவம், கழுவக்கூட நேரமில்லாம வச்சிட்டுப் போயிருக்கான்" என்றாள். "யுனிவர்சிட்டி சாமான் இது. சுத்தமாத் திருப்பிக் குடுக்கணும். இரவல் வாங்கினதை அழுக்கோட குடுத்தான்னு அவனை யாரும் சொல்லிடக் கூடாது."

ஆலையில் செய்வதைப் போலவே செய்தாள். தண்ணீரைக் கொட்டினாள். நுரை போட்டாள், கொதிக்கும் நீரை ஊற்றினாள், மருந்துத் தண்ணீரில் முக்கி எடுத்தாள். எனக்குத் துணியை நீட்டினாள். மூன்றையும் துடைத்தது நான்தான். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, ஒரு விரல் தடம்கூட இல்லாமல் துடைத்தேன்.

மே மாதம் விரைவுப் படகில் ஒரு பெண் வந்திறங்கினாள். பெயர் இல்வா. அண்ணனுக்கு ஒரு வருடம் கீழே அதே துறையில் முதுகலை படிப்பவள். அவனுடைய வேலையைப் பேராசிரியர் இவளிடம் கொடுத்திருந்தார். அம்மா வாஃபிள் சுட்டு, பழுப்புப் பாலாடைக்கட்டி வெட்டி வைத்தாள். இல்வா இரண்டு வாஃபிளைச் சாப்பிட்டு முடிக்கும்வரை எதற்காக வந்தாள் என்று சொல்லவில்லை. பிறகு பையிலிருந்து அண்ணனுடைய ஆய்வுக் குறிப்பேட்டை எடுத்தாள்.

"இதைப் பாருங்க. பக்கத்துக்குப் பக்கம் 'தண்ணீர், வழக்கம்போல'ன்னு எழுதியிருக்கான். அந்த வழக்கம் என்னன்னு எங்கயுமே எழுதல. நாங்க உப்புப் பொடியைக் கரைச்சுக் கடல் தண்ணி தயார் பண்ணி அதுக்கு மாத்தினோம். லேப்ல இருந்த பதினாலு புட்டியும் ஒண்ணொண்ணாத் தெளிஞ்சுபோச்சு."

"தெளிஞ்சா நல்லதுதான?" என்றாள் அம்மா.

இல்வா ஒரு நொடி தடுமாறினாள். "எங்களுக்கு அது அவ்வளவு நல்லதில்லை."

வழக்கம் என்னவென்று எனக்குத் தெரியும். துறைக்குக் கூட்டிப்போய்க் காட்டினேன். கடல் வற்றும் நேரத்தில் கடைசித் தூணுக்கு வெளிப்பக்கம் வாளியை இறக்குவான். காபி வடிகட்டும் தாளில் இரண்டு முறை வடிப்பான். அதை ஒரு மாதம் நிலவறை இருட்டில் வைத்துவிட்டு, பிறகு நகரத்துக்குத் தூக்கிக்கொண்டு போவான். தீவில் அவனைத் தண்ணீர்க்காரன் என்று கூப்பிடுவார்கள். இல்வா ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டாள். முகம் மலர்ந்துவிட்டது.

"காபித் தாளா? முட்டாள். இதை ஒரு வரி எழுதியிருந்தா என்ன?" என்று சிரித்தவள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பரவால்ல. தண்ணி கிடைச்சிடுச்சு. இனி உசுரோட இருக்கறது ஒண்ணு கிடைச்சா போதும். கடைசிப் பக்கத்துல எழுதியிருக்கான். 'மூன்று புட்டி, வீட்டு நிலவறையில், பத்திரமாக.' அதுக்குத்தான் வந்தேன்."

பேசிக்கொண்டே வீட்டு வாசலுக்கு வந்துவிட்டிருந்தோம். ஜன்னல் வெளிச்சத்தில் அவன் பிடித்துக் காட்டிய புகை அப்போதுதான் நினைவுக்கு வந்தது. சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அம்மா கதவருகே நின்றுகொண்டிருந்தாள், புட்டி என்ற சொல் அவள் காதில் விழுந்துவிட்டது. உள்ளே போனாள். நாங்கள் வருவதற்குள் அட்டைப் பெட்டியைச் சமையலறை மேசையில் வைத்துத் திறந்துவிட்டாள். வெள்ளைத் துணிமேல் மூன்று புட்டிகள். நீல மூடிகளைத் தனியாக ஒரு சுத்தமான பையில் போட்டிருந்தாள்.

"அவன் பேர்ல பாக்கி எதுவும் இருக்கக் கூடாதுன்னு அப்பவே கழுவி வச்சிட்டேன், கண்ணு."

இல்வா மேசையருகே போனாள். ஒரு புட்டியை எடுத்து ஜன்னலுக்கு நேராகப் பிடித்தாள். அவ்வளவு தெளிவாக ஒரு கண்ணாடியை நான் பார்த்ததில்லை. அதற்குள் எதிர்வீட்டுக் கூரை தலைகீழாகத் தெரிந்தது. அவள் கை நடுங்காமல் இருக்க இன்னொரு கையால் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

"எங்க லேப்ல யாரும் இப்படிக் கழுவ மாட்டாங்க" என்றாள்.

"இருபத்தாறு வருஷமா அதான் வேலை." அம்மாவின் முகத்தில் மார்ச் மாதத்துக்குப் பிறகு முதல்முறையாக ஒரு சிறு பெருமை தெரிந்தது. பிறகு கேட்டாள்: "அதுல ஏதும் இருந்துச்சா?"

"இல்ல. வெறும் தண்ணிதான்."

படகுக்குப் போகும் வழியில் நான் கேட்டேன். "ஏன் பொய் சொன்ன?"

"உண்மையைச் சொன்னா அது திரும்ப வருமா?"

"துடைச்சது நான்தான். எனக்குத் தெரிஞ்சிருக்கணும். அவன் எங்கிட்ட சொல்லியிருக்கான்."

இல்வா நின்றாள். பெட்டியைக் கீழே வைத்துவிட்டு என் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டாள். அவளிடம் அன்று துறையில் எடுத்த இரண்டு வாளிச் சேறு இருந்தது, எட்டுப் புட்டித் தண்ணீர் இருந்தது. படிப்பு முடிய ஒரு வருடம் இருந்தது. அண்ணனுக்கு இரண்டு வருடம் ஆன வேலை.

அவள் முயன்றாள். குளிர்காலத்தில் இரண்டு முறை வந்து சேறு எடுத்தாள். எது எதுவோ வளர்ந்தது என்று எழுதுவாள், அது மட்டும் வரவில்லை. கடைசியில் உறைந்தும் சாகாத வேறொரு கிருமியைப் பற்றி எழுதி முதுகலையை முடித்தாள். இந்த வருடம் வசந்தத்தில் ஆய்வேட்டின் ஒரு பிரதியைத் தபாலில் அனுப்பியிருந்தாள். முதல் பக்கத்தில் நன்றி சொல்லும் இடத்தில் ஹல்வார்டின் பெயர், அடுத்து அம்மாவின் பெயர். அம்மாவுக்கு ஆங்கிலம் வராது. தன் பெயரை மட்டும் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு அண்ணனின் படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். வேலையிலிருந்து வந்தால் கை கழுவிவிட்டு அந்தப் பக்கத்தைத் திறப்பாள். எத்தனை கொன்றேன் என்ற பேச்சை மட்டும் அவள் மறுபடி எடுக்கவில்லை.

ஜூனில் எனக்குப் பள்ளி முடிந்தது. ஆகஸ்டில் நான் இந்தத் தீவை விட்டுப் போகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை அம்மா ஆய்வேட்டை என்னிடம் கொடுத்தாள்.

"நீ போறதுக்குள்ள இதை எனக்குப் படிச்சுச் சொல்லு. அவனைப் பத்தி எங்க வருதோ அதை மட்டும்."

மொழிபெயர்த்துக்கொண்டே படித்தேன். நாற்பத்தோராம் பக்கத்தில் ஒரு வரி இருக்கிறது. ஹல்வார்ட் பிரித்தெடுத்த பாக்டீரியா இப்போது எங்கும் உயிருடன் இல்லை என்று. நான் அந்தப் பக்கத்தைத் தாண்டி நாற்பத்திரண்டுக்குப் போனேன்.

"ஒரு பக்கத்தை விட்டுட்ட" என்றாள் அம்மா.

"அது வெறும் பட்டியல்மா."

அம்மா தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மருந்துத் தண்ணீரில் ஊறி வெளுத்த கைகள்.

"அந்தப் புட்டித் தண்ணி கலங்கலாத்தான இருந்துச்சு, யோருன்?"

"ஆமாம்மா."

"ம்" என்றாள். "அந்தப் பொண்ணு கையப் பாத்தப்பவே நெனச்சேன்."

ஆய்வேட்டை என்னிடமிருந்து வாங்கி மூடினாள். அதை அண்ணனின் படத்துக்குப் பக்கத்தில், விளிம்புக்கு விளிம்பு நேராக இருக்கும்படி வைத்தாள்.