அஞ்சாவது யூனிட்

கெமிக்கல் இன்ஜினீயரிங் நடத்துகிறவனுக்குத் தான் சொல்லிக்கொடுத்தது பலித்ததா என்று தெரியவே தெரியாது. பலிக்காதபோதுதான் செய்தி வரும். கரும்பலகை முன் தொண்டை வறண்டு நிற்கும் என் சக பாவிகளுக்கு இது புரியும். அதனால்தான் பலித்ததாக வந்த ஒரே ஒரு செய்தியை ஒவ்வொரு பேட்சுக்கும் சொல்லிவந்தேன். சொன்ன அத்தனை வருடமும் அதைச் சந்தேகித்தும் வந்தேன்.

சாதிக் சொன்னது

சாதிக் என் பழைய மாணவன், நாகப்பட்டினத்துக்காரன். பாபநாசம் பக்கம் ஒரு தவிட்டு எண்ணெய் ஆலையில் ஷிப்ட் இன்ஜினீயராகச் சேர்ந்தான். தவிட்டிலிருந்து எண்ணெயைப் பிரிக்க அங்கே ஹெக்சேன் ஊற்றுவார்கள். பெட்ரோல் மாதிரி ஆவியாகும். அந்த ஆவி தரையோடு தவழும். ஒரு பொறி போதும்.

சேர்ந்த இரண்டாம் மாதம் பம்பு அருகே வாசனை அடித்திருக்கிறது. சாதிக் நீராவியை அடைத்துவிட்டு ஆட்களை வெளியே அனுப்பினான். ஃபேனை நிறுத்தப் போன சூப்பர்வைசரின் கையை எட்டிப் பிடித்துக்கொண்டான். சுவிட்சை அணைத்தாலும் பொறி வரும். லீவில் என் வீட்டுக்கு வந்து இதையெல்லாம் சொன்னவன், நான் கேட்காமலேயே ஒன்றைச் சேர்த்தான்: "எல்லாம் நீங்க நடத்துன பாடம்தான் சார்."

இலக்கு வைக்கும் முறை

இந்த வருடம் கல்லூரிக்கு ஆய்வுக்குழு வருகிறது. நாலு வருடம் படித்து முடித்தவன் என்னவாக இருக்க வேண்டும் என்று இலக்குகள் எழுதி, அவற்றை அடைந்ததற்குச் சான்றும் ஃபைலில் வைக்க வேண்டும். எங்கள் துறைத் தலைவர் என்னைவிட இளையவர், கெட்டிக்காரர். முதலில் மதிப்பெண்களைக் கூட்டிப் பார்த்துவிட்டு, இலக்கை அதற்கு ஒரு படி கீழே வைத்தார்.

'உயிர்ப் பாதுகாப்பில் பொறுப்பு' என்ற இலக்குக்கு மட்டும் சான்று கிடைக்கவில்லை. சாதிக் விஷயத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொன்னார். காகிதத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "நடந்ததைத்தானே எழுதறீங்க, அப்புறம் ஏன் சார் பேனா நகர மாட்டேங்குது?" என்றார் தலைவர்.

மில்காரரின் டிக்

வேலை கொடுத்தவர்களிடமும் படிவம் வாங்க வேண்டும். எங்கள் மாணவன் ஒருவன் வேலை பார்க்கும் அரிசி ஆலைக்குப் போனேன். முதலாளி மோர் கொடுத்து உட்காரவைத்தார். 'மிக நன்று' கட்டங்களில் வரிசையாக டிக் அடித்துக்கொண்டே வந்தவர், பாதுகாப்பு என்ற வரியில் பேனாவைத் தூக்கிவிட்டார். "உங்க பையன் கணக்கெல்லாம் பிரமாதமா போடறான். பாய்லர்ல தண்ணி மட்டம் இறங்குதுன்னா மட்டும் பாக்க வேற ஆள அனுப்பிட்டு அவன் வெளிய நிக்கிறான். இதுக்கு எந்தக் கட்டத்துல அடிக்கட்டும், நீங்களே சொல்லுங்க."

பழைய பதிவேடு

திரும்பி வந்து, சாதிக் படித்த வருடத்தின் பாடப் பதிவேட்டைத் தேடி எடுத்தேன். பாதுகாப்பு என்பது அந்தப் பாடத்தில் அஞ்சாவது யூனிட், கடைசி. முடித்ததாக நான்கு தேதிகள், நான்கு கையெழுத்துகள். நான்கும் ஒரே மையில், ஒரே மூச்சில் போட்டவை. அந்தக் கார்த்திகையில் மழைக்குக் கல்லூரி மூடிக்கொண்டே இருந்தது. அஞ்சாவது யூனிட்டை நான் எடுக்கவே இல்லை. நோட்ஸை ஜெராக்ஸ் போட்டுக் கொடுத்து, பரீட்சைக்கு வராது, விட்டுவிடுங்கள் என்று சொன்னேன். என் சந்தேகம் எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் என்னால் ஒப்புக்கொள்ள முடிந்தது.

பதிவேட்டை மூடும்போது இறுதியாண்டு கவிதா வந்து நின்றாள். திங்கட்கிழமை அவளும் இன்னும் பதினொரு பேரும் அதே தவிட்டு எண்ணெய் ஆலைக்குப் பயிற்சிக்குப் போகிறார்கள். இந்த வருடமும் மழை. நாலாவது யூனிட்டிலேயே நிற்கிறோம். அனுமதிக் கடிதத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, போகிற போக்கில் கேட்டாள்: "சீனியர்ஸ் மாதிரி எங்களுக்கும் அஞ்சாவது யூனிட் ஜெராக்ஸ்தானா சார்?"

இருபத்தாறு வருடமாக விடை தெரிந்த கேள்விகளையே கேட்டுச் சம்பளம் வாங்கியவன், கவிதா படியிறங்குவதற்குள் சாதிக்குக்கு போன் போட்டு, விடை தெரியாத ஒன்றை முதன்முதலாகக் கேட்டேன்: "அந்தப் பாடத்தை நான் நடத்தவே இல்லியேப்பா, சுவிட்சத் தொடக்கூடாதுன்னு உனக்கு யாரு சொன்னா?"