காலேஜில் யாராவது குளிப்பார்களா?

இன்று மதியம், நான் படிக்க வந்திருக்கும் மலேசிய யுனிவர்சிட்டியில், எங்கள் குழுவுக்குப் பிரசன்டேஷன். ஸ்லைடு எல்லாம் என் வகுப்புத் தோழி, கிள்ளான் ஊர்க்காரி ஷர்மிளாவின் லேப்டாப்பில்.

காலையில் போன் செய்தாள். "நான் காலேஜ்லதான் இருக்கேன். வந்துரு, ஒரு தடவ பேசிப் பார்த்துக்கலாம்."

பிரிக்ஃபீல்ட்ஸில் இருக்கும் என் வாடகை அறையிலிருந்து அடித்துப் பிடித்து ஓடினேன். வகுப்பில் ஆள் இல்லை. லைப்ரரி, கேண்டீன், எங்கேயும் இல்லை.

மறுபடி போன் போட்டேன். "எங்கடி இருக்க?"

"காலேஜ்லதான் லா! இப்பதான் குளிச்சிட்டு வரேன்."

அப்புறம்தான் விளங்கியது. இந்த யுனிவர்சிட்டியில் காலேஜ் என்றால் ஹாஸ்டல். பாடம் நடக்கிற இடத்துக்குப் பெயர் ஃபேகல்டி.

எங்கள் மதுரையில் ஃபேகல்டி என்றால் வாத்தியார். "ஃபேகல்டிக்குப் போறேன்" என்று இவர்கள் சொன்னபோதெல்லாம், சாரைப் பார்க்கத்தான் போகிறார்கள், என்ன ஒரு பொறுப்பு என்று வியந்திருக்கிறேன்.

ஷர்மிளாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "தெரியலன்னா கேட்க வேண்டியதுதானே?"

தெரிந்த வார்த்தைக்கு யாராவது அர்த்தம் கேட்பார்களா?

பிரசன்டேஷன் நன்றாகவே முடிந்தது. அந்த நிம்மதியில் ஷர்மிளாவின் ஹாஸ்டல் கட்டிலில் சாய்ந்திருந்தபோது ஊரிலிருந்து அம்மா போன்.

"எங்கடி இருக்க?"

புதிதாகக் கற்றது வாயில் வந்துவிட்டது. "காலேஜ்லதாம்மா. படுத்திருக்கேன்."

"காலேஜ்ல படுத்துத் தூங்கவா பிளேன் ஏறிப் போன? அத இங்கயே செஞ்சிருக்கலாமே!"

விளக்கிச் சொல்லத் துணிச்சல் உள்ளவர்கள் கமெண்டுக்கு வரவும். அம்மா இன்னும் லைனில்தான் இருக்கிறார்.